அதிபர் மாறினால் சிப்பாய்க்கு என்ன மாறும்?

நான் அமெரிக்க ராணுவத்தில் பத்து வருடம் சப்ளைப் பிரிவில் இருந்தவன் என்று சென்ற இதழில் ஒரு பதிலுக்கு நடுவே சொல்லியிருந்தேன். 2013இல் சேர்ந்தேன், 2023இல் ஸ்டாஃப் சார்ஜென்டாக வெளியே வந்தேன். ஜனநாயகக் கட்சியின் ஒபாமா, குடியரசுக் கட்சியின் டிரம்ப், மறுபடி ஜனநாயகக் கட்சியின் பைடன் என மூன்று அதிபர்களைப் பார்த்தாயிற்று. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களுக்கே இந்த மாதம் முழு இடமும் போகிறது. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அதிபர் குடியரசுக் கட்சியா, ஜனநாயகக் கட்சியா என்பது முகாமில் இருக்கும் ஒரு சாதாரணச் சிப்பாய்க்கு உறைக்குமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: உறைக்கும் ஐயா. ஆனால் டிவியைப் பார்த்து நாம் நினைக்கிற இடத்தில் உறைக்காது.

டெக்சஸில் ஃபோர்ட் ஹூட் முகாமில் இருந்தேன். எங்கள் கம்பெனி, அதாவது எங்கள் படைப்பிரிவு, இருந்த கட்டடத்தில் நுழைந்ததும் சுவரில் ஒரு பலகை இருக்கும். யாருக்கு மேல் யார் என்று படங்களை வரிசையாக மாட்டியிருப்பார்கள். உச்சியில் அதிபர். அப்புறம் பாதுகாப்பு அமைச்சர், ராணுவ அமைச்சர், தலைமைத் தளபதி என்று இறங்கி, அடியில் எங்கள் கம்பெனி கமாண்டரும், கம்பெனியின் மூத்த சார்ஜென்டான ஃபர்ஸ்ட் சார்ஜென்டும். அந்தப் பலகையைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

2017 ஜனவரி 20. வாஷிங்டனில் நண்பகல் 12 மணி என்றால் எங்களுக்கு 11. ஒபாமா படத்தைக் கழற்றி, காகிதத்தில் சுற்றி அலமாரியில் வைத்தேன். புதிய அதிபரின் அதிகாரப்பூர்வப் படம் அந்த வருடம் அக்டோபர் கடைசியில்தான் வெளியானது. அதுவரை படச் சட்டத்தைக் காலியாக விட மனம் வரவில்லை. இணையத்தில் கிடைத்த ஒரு படத்தை கலர் பிரிண்டரில் அச்சடித்துச் சொருகினேன். எனக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருத்தி சிகாகோவைச் சேர்ந்த கறுப்பினப் பெண். தேர்தல் முடிவு வந்த அன்று காலை ஓட்டத்தில் வாயே திறக்காமல் ஓடியவள். இன்னொருவன் அலபாமா பையன். அவனுக்கு அன்றைக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் மாட்டிய படம் லேசாகச் சாய்ந்திருந்தது. "சார்ஜென்ட், இடது பக்கம் கொஞ்சம் ஏத்துங்க" என்றாள் அந்தப் பெண். ஏற்றினேன். "இப்போ சரி" என்றாள். அப்புறம் மூன்று பேரும் ஆயுத அறைக்குப் போனோம். அன்றைக்குத் துப்பாக்கி எண்ண வேண்டிய நாள்.

எங்களை உண்மையில் ஆட்டிவைத்தவை அந்தப் பலகையின் அடிவரிசைப் படங்கள். கம்பெனி கமாண்டர் ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறுவார். ஒருவர் ஆகஸ்ட் வெயிலில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் மோட்டார் பூலுக்கு வந்து, டாங்கிக்கு அடியில் படுத்திருக்கிற பையனிடம் "உன் மனைவிக்கு எப்போ பிரசவம்?" என்று கேட்பார். அவர் இருந்தவரை யாரும் உடம்பு சரியில்லை என்று பொய் லீவு கேட்டதில்லை. அடுத்து வந்தவர் வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிவரை காகிதம் சரிபார்க்க உட்கார வைப்பார். மூன்றே மாதத்தில் கம்பெனியே சோர்ந்துபோனது. இருவர் காலத்திலும் அதிபர் ஒரே ஆள்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் எங்கள் முகாமுக்குள்ளேயே வனெஸா கியென் என்ற 20 வயதுப் பெண் சிப்பாய் கொலை செய்யப்பட்டாள். உடல் கிடைக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. முகாமில் பாலியல் தொந்தரவைக் கண்டும் காணாமல் விடுகிற சூழல் பல காலமாகவே இருந்தது என்று விசாரணைக் குழு சொன்னது. அந்த டிசம்பரில் 14 அதிகாரிகள் பதவி இழந்தார்கள் அல்லது இடைநீக்கம் ஆனார்கள். நான் அந்த முகாமில் நடமாடியவன். அந்தப் பெண்ணின் படத்தை வாசல் வேலியில் பூக்களோடு பார்த்த ஒவ்வொரு முறையும் வெட்கப்பட்டேன். பல காலம் என்றால் இரண்டு கட்சி அதிபர்களின் காலமும் அதற்குள் அடங்கும். சார்ஜென்ட், கேப்டன், கர்னல் என்ற மட்டத்தில் கெட்டுப்போன விஷயம் அது.

கேள்வி: அமெரிக்கச் சிப்பாய்கள் எல்லோருமே குடியரசுக் கட்சிக்காரர்களாமே?
– வாசகி, சென்னை

பதில்: இல்லை அம்மா. ஓய்வுபெற்ற ராணுவத்தினரையும் பணியில் இருப்பவர்களையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருகிற எண்ணம் அது. 2016 தேர்தலில் முன்னாள் ராணுவத்தினரில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் டிரம்புக்கு வாக்களித்ததாக வாக்குச்சாவடிக் கணிப்பு சொன்னது. அவர்களில் வயதான வெள்ளைக்கார ஆண்கள் அதிகம். பணியில் இருப்பவர்களின் கதை வேறு. 2020 ஆகஸ்டில் மிலிட்டரி டைம்ஸ் பத்திரிகை அவர்களிடம் எடுத்த கணிப்பில், அப்போது பதவியில் இருந்த டிரம்பைப் பிடிக்கும் என்றவர்கள் 38 சதவீதம், பிடிக்காது என்றவர்கள் கிட்டத்தட்ட 50 சதவீதம். அதிகாரிகளிடையே குடியரசுக் கட்சிச் சாய்வு கூடுதலாக இருந்து வந்திருக்கிறது, அது உண்மை. சாதாரணச் சிப்பாய்கள் நாட்டு மக்களைப் போலத்தான். கம்பெனிக்குள் சிறு குழுவான என் பிளட்டூனில் போர்ட்டோ ரிக்கோ, சமோவா, மிசிசிப்பி, கலிபோர்னியா எல்லாம் உண்டு. குடியாத்தத்துக்காரன் நான் ஒருவன்.

விதிகளும் தெளிவாக இருக்கின்றன. வாக்களிக்கலாம், சொந்தக் காசில் நன்கொடை தரலாம், காரில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம். யூனிஃபார்மோடு கட்சிக் கூட்டத்துக்குப் போகக் கூடாது. மேலதிகாரி தனக்குக் கீழே இருப்பவனிடம் வாக்குக் கேட்கக் கூடாது. அதிகாரியாக இருப்பவர் அதிபரை இழிவாகப் பேசினால் ராணுவச் சட்டத்தின் 88ஆவது பிரிவு பாயும். 1993இல் விமானப்படையின் மேஜர் ஜெனரல் ஒருவர் ஒரு விருந்தில் அதிபர் கிளின்டனைக் கேவலமாகப் பேசிவிட்டு, அபராதம் கட்டி ஓய்வில் போக வேண்டியதாயிற்று. இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தை நடத்திய ஜெனரல் ஜார்ஜ் மார்ஷல் வாக்களிப்பதையே தவிர்த்தவர். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லைதான். ஆனால் அவர் மனதில் இருந்த கவலை எனக்குப் புரிகிறது.

எழுதாத விதி ஒன்றும் இருந்தது. எங்கள் மெஸ்ஸில் பெரிய டிவி ஒன்று. ஒரு கூட்டம் குடியரசுக் கட்சிக்காரர்கள் விரும்பும் ஃபாக்ஸ் செய்திச் சேனலை வைக்கும், இன்னொரு கூட்டம் அவர்களுக்குப் பிடிக்காத சிஎன்என்னுக்கு மாற்றும். 2016 அக்டோபரில் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே இரண்டு பேர் கை ஓங்குகிற அளவுக்குப் போனது. எங்கள் ஃபர்ஸ்ட் சார்ஜென்ட் எழுந்துபோய் விளையாட்டுச் சேனலை வைத்துவிட்டு ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் 2007இல் குடியரசுக் கட்சியின் புஷ் காலத்தில் ஈராக்கில் தொடர்ந்து 15 மாதம் இருந்தவர். 2009 டிசம்பரில் ஒபாமா இன்னும் 30,000 பேரை ஆப்கானிஸ்தானுக்கு அனுப்ப முடிவெடுத்தாரே, அந்தக் கூட்டத்திலும் போனவர். இரண்டு பிள்ளைகளின் முதல் பிறந்தநாளையும் அவர் பார்த்ததில்லை. அவர் எந்தக் கட்சி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கேள்வி: குடியரசுக் கட்சி அதிபர் வந்தால் ராணுவத்துக்குச் சம்பளம் ஏறும், தெம்பும் ஏறும் என்கிறார்கள். ரீகனை உதாரணம் காட்டுகிறார்கள். சரிதானா?
– ஆடிட்டர், கோயம்புத்தூர்

பதில்: கணக்குப் பார்க்கிறவர் நீங்கள், தேதிகளைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். வியட்நாம் போருக்குப் பிறகு அமெரிக்க ராணுவம் நொறுங்கிக் கிடந்தது நிஜம். 1973இல் கட்டாய ராணுவ சேவை நின்றது. அப்புறம் விலைவாசி ஏறிய வேகத்துக்குச் சம்பளம் ஏறவில்லை. 1980 ஏப்ரலில் ஈரானில் பிணைக்கைதிகளை மீட்கப் போன முயற்சி பாலைவனத்திலேயே தோற்று எட்டுப் பேர் இறந்தார்கள். ரீகன் வந்தார், ராணுவத்தைப் பார்த்துப் பெருமையோடு பேசினார், 1981 அக்டோபரில் சம்பளம் 14.3 சதவீதம் ஏறியது. பழைய ஆட்கள் அதை இன்றும் கண்ணில் நீரோடு சொல்வார்கள். ஆனால் அதற்குச் சரியாக ஒரு வருடம் முன்னால், 1980 அக்டோபரில், ஜனநாயகக் கட்சியின் கார்ட்டர் காலத்திலேயே 11.7 சதவீதம் ஏறியாயிற்று. அடுத்த மாதம் அவர் தேர்தலில் தோற்றார். அந்த உயர்வை இன்று யாரும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்வதில்லை.

இதே கதை இப்போதும் நடந்தது. அடிமட்டச் சிப்பாய்களுக்கு 2025இல் மொத்தம் 14.5 சதவீத உயர்வு. நாடாளுமன்றத்தில் இரண்டு கட்சியும் சேர்ந்து நிறைவேற்றி, 2024 டிசம்பரில் பைடன் கையெழுத்திட்டார். அதில் பெரிய பங்கு, 10 சதவீதம், 2025 ஏப்ரலில் கைக்கு வந்தது. அப்போது அதிபர் டிரம்ப். என் பழைய பிளட்டூன் பையன் ஒருவன் எனக்கு போன் போட்டு, புது அதிபர் வந்ததும் சம்பளம் ஏறிவிட்டது என்று சந்தோஷப்பட்டான். அவன் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனமில்லை. குழந்தைக்குப் பால் பவுடர் வாங்க மாதக் கடைசியில் என்னிடம் இருபது டாலர் கைமாற்று கேட்டவன் அவன். ஆனால் சட்டம் எப்போது வந்தது என்பதையும் அவனிடம் சொன்னேன்.

ஆள் சேர்ப்பிலும் இப்படித்தான். 2022இல் தரைப்படை 60,000 பேரைச் சேர்க்க நினைத்து 15,000 பேர் குறைந்தது. பைடன் அரசின் கொள்கைகள் பிடிக்காமல் பிள்ளைகள் வரவில்லை என்றார்கள். 2025இல் 61,000 என்ற இலக்கை நான்கு மாதம் முன்னதாகவே தொட்டார்கள், புதிய அதிபரால் என்றார்கள். நடுவில் நடந்ததை விட்டுவிடுகிறார்கள். 2022 ஆகஸ்டில் ஃபோர்ட் ஜாக்சன் முகாமில் ஒரு முன்பயிற்சி வகுப்பு தொடங்கினார்கள். எடை கொஞ்சம் அதிகமானவர்கள், எழுத்துத் தேர்வில் கொஞ்சம் பின்தங்கியவர்கள் ஆகியோரைத் திருப்பி அனுப்பாமல் சில வாரம் வைத்துத் தயார்செய்து அடிப்படைப் பயிற்சிக்கு அனுப்புகிற ஏற்பாடு. அது பலன் தந்தது. 2024இலேயே 55,000 என்ற இலக்கு நிறைவேறிவிட்டது. புதிய அதிபரைப் பார்த்து உற்சாகமாக வந்த பிள்ளைகளும் இருப்பார்கள், நான் மறுக்கவில்லை. அவர்கள் உள்ளே நுழையக் கதவைத் திறந்து வைத்தவர்கள் அந்த வகுப்பை நடத்தும் டிரில் சார்ஜென்ட்கள்.

சம்பளத்தில் தெம்பு எங்கே குலைகிறது என்றால், அது வருமா வராதா என்ற பயத்தில். பட்ஜெட் சண்டையில் அரசு முடங்கும்போது இதைப் பார்க்கலாம். 2019 ஜனவரி 15 அன்று கடலோரக் காவல்படையினருக்குச் சம்பளம் வரவில்லை. அவர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குக் கீழே இருப்பதால் அந்த அடி அவர்களுக்கு மட்டும் விழுந்தது. கடலில் ரோந்து போய்க்கொண்டிருந்தவர்களின் குடும்பங்கள் கரையில் இலவச உணவு வரிசையில் நின்றன. 2025 அக்டோபரில் அரசு மறுபடி முடங்கி, 43 நாள் நீடித்தது. ஆராய்ச்சிக்கு ஒதுக்கிய பணத்தைத் திருப்பிவிட்டுச் சம்பளம் கொடுத்தார்கள். ஒரு செல்வந்தர் 13 கோடி டாலர் நன்கொடையும் தந்தார். சம்பளம் வந்தது, குடும்பங்கள் மூச்சுவிட்டன, அதில் எனக்கும் நிம்மதிதான். ஆனால் சிப்பாயின் கூலி சட்டப்படி நாடாளுமன்றத்திலிருந்து வர வேண்டும். யாரோ ஒருவர் மனம் வைத்ததால் வந்தது என்று ஒரு 19 வயதுப் பையன் நினைக்க ஆரம்பித்தால், அவன் நன்றி அந்த ஒருவர் பக்கம் போய்விடும். எனக்கு அதுதான் பெரிய பயம்.

கேள்வி: அப்படியானால் கட்சி ராணுவத்துக்குள் எந்த வழியாகத்தான் நுழைகிறது?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: யார் சேரலாம், யார் இருக்கலாம் என்ற வாசல் வழியாக.

பழைய கதையில் தொடங்குகிறேன். 1948 ஜூலையில் அதிபர் ட்ரூமன் ஒரு ஆணை போட்டார். கறுப்பினத்தவருக்குத் தனிப் படைப்பிரிவு என்ற வழக்கத்துக்கு முடிவுகட்ட வந்த ஆணை அது. ராணுவத்துக்குள்ளேயே கடும் எதிர்ப்பு. நடைமுறைக்கு வரக் கொரியப் போர்வரை இழுத்தது. ஆனால் வந்தது, நிலைத்தது. தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள் விஷயத்தில் 1993இல் கிளின்டன் "நாங்கள் கேட்கமாட்டோம், நீ சொல்லாதே" என்று ஒரு பாதி வழி கண்டார். ஒபாமா காலத்தில் 2011 செப்டம்பரில் அதுவும் போனது. வந்த புதிதில் முணுமுணுத்தவர்கள் இரண்டே வருடத்தில் மறந்துபோனார்கள். நான் 2013இல் சேர்ந்தபோது அதை யாரும் பேசவே இல்லை.

திருநங்கையர், திருநம்பியர் நிலைமைதான் என்னால் பொறுக்க முடியாதது. 2016இல் அனுமதித்தார்கள். 2017 ஜூலையில் அதிபர் டிரம்ப் ட்விட்டரில் மூன்று பதிவு போட்டு இடமில்லை என்றார். 2019இல் தடை வந்தது. 2021 ஜனவரியில் பைடன் நீக்கினார். 2025 ஜனவரியில் டிரம்ப் மறுபடி தடைபோட்டார், மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதை நடைமுறைப்படுத்த அனுமதித்தது. ஒன்பது வருடத்தில் நான்கு தடவை. 2017இன் அந்த ஜூலை மாதக் காலையில் மோட்டார் பூலில் ஒரு மெக்கானிக் தன் போனைப் பார்த்துவிட்டு அப்படியே ஒரு டயர் மீது உட்கார்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அரை மணிநேரம் கழித்து எழுந்து பாதியில் விட்ட பிரேக்கை மாட்டி முடித்தார். அடுத்த நாள் கூட்டுப்படைத் தளபதி ஜெனரல் டன்ஃபோர்ட், முறையான உத்தரவு வரும்வரை எதுவும் மாறாது, எல்லோரையும் மரியாதையோடு நடத்துங்கள் என்று எழுதினார். அந்தக் கடிதத்தை அச்சடித்து அந்த மெக்கானிக்கிடம் கொடுத்தேன். மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையில்லாதவன். 2021 ஆகஸ்டில் பைடன் அரசு கோவிட் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. மறுத்த 8,000க்கும் மேற்பட்டவர்களை வெளியே அனுப்பினார்கள். 2023 ஜனவரியில் கட்டாயமே ரத்தானது. நான் ஊசி போட்டுக்கொண்டவன், போடுவது சரி என்று நம்பியவன். ஆனால் 2022 மார்ச்சில் என் சப்ளை ரூமுக்கு ஒரு டென்னசி பையன் தன் சாமான்களை ஒப்படைக்க வந்தான். மத நம்பிக்கை காரணமாக மறுத்தவன், ஆறு வருடம் நல்ல வேலைக்காரன். வழக்கமாக இந்தப் பொருட்களை அழுக்கோடு கொண்டுவந்து போடுவார்கள், நாங்கள் திருப்பி அனுப்புவோம். அவன் ஸ்லீப்பிங் பேக்கைத் துவைத்து மடித்திருந்தான். தண்ணீர்க் குடுவையின் மூடியைக்கூடப் பழைய பிரஷ்ஷால் தேய்த்திருந்தான். ஒவ்வொன்றாகப் பட்டியலில் டிக் போட்டேன். ஒன்றும் குறையவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, "நான் சரியான ஆளாத்தானே இருந்தேன், சார்ஜென்ட்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு அதிகாரமும் இல்லை, வார்த்தையும் இல்லை.

நான் உள்ளே வந்த வாசலும் இதே மாதிரி திறந்து மூடியதுதான். மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருக்கிற வெளிநாட்டவர்களில் ராணுவத்துக்குத் தேவையான மொழி தெரிந்தவர்களைச் சேர்க்கும் திட்டம் ஒன்று, மாவ்னி என்று பெயர், 2008 கடைசியில் அனுமதி பெற்றது. புஷ்ஷிடமும் ஒபாமாவிடமும் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ராபர்ட் கேட்ஸ் கொண்டுவந்தது. மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது, சிங்களமும் மலையாளமும் இருந்தன. எனக்கு போனில் தமிழ்த் தேர்வு வைத்தார்கள். எதிர்முனையில் பேசிய அம்மா, எங்கள் ஊர்த் திருவிழாவைப் பற்றிச் சொல்லச் சொன்னார். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை இருபது நிமிடம் சொன்னேன். பத்து வாரப் பயிற்சி முடிந்ததும் குடியுரிமை கிடைத்தது. மொத்தம் 10,000க்கும் மேல் இப்படிச் சேர்ந்தார்கள். ஒபாமா ஆட்சியின் கடைசி மாதங்களில், 2016 செப்டம்பரில், பின்னணிச் சோதனையை இறுக்கினார்கள், புதிதாகச் சேர்ப்பது நின்றது. டிரம்ப் வந்தபின் இன்னும் இறுகியது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்களின் விசா காலாவதியானது. என் நண்பன் ஒருவன் இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்து மனம் வெறுத்து ஊருக்கே திரும்பினான். எந்தக் கட்சியைத் திட்டுவது என்று அவனுக்கே தெரியவில்லை.

கேள்வி: அதிபர்கள் ராணுவ முகாமில் பேசும்போது சிப்பாய்கள் கைதட்டுகிறார்களே, அது உற்சாகம்தானே?
– வணிகர், திருச்சி

பதில்: கைதட்டுவதில் தப்பில்லை, அவர் முப்படைத் தலைவர். யூனிஃபார்மைக் கட்சி மேடைக்குத் திரைச்சீலை ஆக்குவதுதான் எனக்குக் கோபம். 2018 டிசம்பரில் ஈராக்கில் சில சிப்பாய்கள் பிரச்சாரத் தொப்பியில் டிரம்பிடம் கையெழுத்து வாங்கினார்கள். 2022 செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் பைடன் எதிரணியைச் சாடிப் பேசியபோது பின்னால் இரண்டு மரைன் வீரர்களை நிறுத்தியிருந்தார்கள். இரண்டும் தவறு. 2020 ஜூன் 1 அன்று, வெள்ளை மாளிகைக்கு எதிரே லஃபாயெட் சதுக்கத்தில் போராட்டக்காரர்களை விரட்டிய கையோடு, அதிபரோடு அங்கே போர்ச் சீருடையில் நடந்ததற்காகக் கூட்டுப்படைத் தளபதி ஜெனரல் மில்லி பத்து நாளில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஒரு நான்கு நட்சத்திர ஜெனரல் அப்படிச் சொன்னபோது எங்களுக்கெல்லாம் ஒரு தெளிவு வந்தது.

2025 ஜூன் 10 அன்று ஃபோர்ட் பிராக் முகாமில் டிரம்ப் பேசியபோது, அவருக்குப் பின்னால் இருந்த சிப்பாய்கள் முன்னாள் அதிபர் பைடன் பெயரைக் கேட்டதும் கூச்சல் போட்டார்கள். அந்தக் காணொளியை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. அதற்கு ஐந்து மாதம் முன்னால்வரை அந்த முன்னாள் அதிபரின் உத்தரவில் இவர்கள் சாகத் தயாராக இருந்தார்கள். அதே வருடம் செப்டம்பர் 30இல் நூற்றுக்கணக்கான ஜெனரல்களையும் அட்மிரல்களையும் குவான்டிகோ முகாமில் கூட்டினார்கள். பாதுகாப்பு அமைச்சரும் அதிபரும் அரசியல் பேசினார்கள். முன்னே இருந்தவர்கள் பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த அமைதியை அவமரியாதை என்று சிலர் நினைக்கலாம். நான் அதை ஒழுக்கம் என்பேன். என்னை வளர்த்த ஃபர்ஸ்ட் சார்ஜென்டும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.

ஃபோர்ட் பிராக்கில் நடந்த அந்தக் கூட்டத்தில்தான் எங்கள் முகாமின் பழைய பெயரும் திரும்புகிறது என்று டிரம்ப் அறிவித்தார். 1942இல் வைத்த பெயர் ஹூட். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாகாணப் படைத் தளபதி ஒருவரின் பெயர் அது. டிரம்ப் வீட்டோ செய்தும் அதை மீறி நாடாளுமன்றம் இயற்றிய சட்டப்படி, 2023 மே மாதம் ஃபோர்ட் கவாசோஸ் ஆனது. ரிச்சர்ட் கவாசோஸ் டெக்சஸ்காரர், ஹிஸ்பானிக் இனத்தில் முதல் நான்கு நட்சத்திர ஜெனரல். கொரியாவில் காயத்தோடு தன் ஆட்களைத் தேடி மறுபடி மறுபடி மலையேறியவர். 2025 ஜனவரியில்தான் அவருக்கு, இறந்தபின், நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது. சில மாதத்தில் வாசலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். இப்போது முதல் உலகப் போரில் பதக்கம் வாங்கிய வேறொரு ஹூட் பெயரில் ஃபோர்ட் ஹூட். அந்த ஹூட்டும் வீரர்தான், அவரை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் முகாமை ஒட்டிய கில்லீன் ஊரில் என் பக்கத்து வீட்டில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பம். இரண்டு தலைமுறை ராணுவம். கவாசோஸ் பெயர் போட்ட காபிக் கோப்பையை அந்தப் பெரியவர் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார். அதில் காபி குடித்து நான் பார்த்ததில்லை.

கேள்வி: டாலஸில் இருக்கும் என் பேரன், 19 வயது, கிரீன் கார்டு வைத்திருக்கிறான். ராணுவத்தில் சேரத் துடிக்கிறான். இப்போதைய அதிபரைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அடுத்த அதிபர் வரும்வரை பொறுக்கச் சொல்லட்டுமா?
– தாத்தா, நாமக்கல்

பதில்: வேண்டாம் ஐயா. ஒப்பந்தம் பணிக்காலமும், அதன்பின் அழைத்தால் வர வேண்டிய ரிசர்வ் காலமும் சேர்ந்து எட்டு வருடம். அதற்குள் ஒரு தேர்தலாவது வந்துவிடும். பிடித்த அதிபருக்காகச் சேர்கிறவன் அடுத்தவர் வந்ததும் உடைந்துபோவான், அப்படி உடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவன் எடுக்கப்போகும் உறுதிமொழியை ஒருமுறை அவனை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். முதலில் வருவது அரசியல் சாசனம். அதிபரின் உத்தரவு அதற்குப் பின்னால், சட்டப்படி என்ற சொல்லோடு வருகிறது. படித்தபின்னும் ஆசை குறையவில்லை என்றால் தடுக்காதீர்கள். எந்த வேலைப் பிரிவு என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வாயால் சொன்னது செல்லாது.

பயிற்சி பத்து வாரம். போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் உண்டு. அதனால் கடிதம் எழுதுங்கள். என் அம்மா எனக்கு ஃபோர்ட் ஜாக்சனுக்குத் தமிழில் நான்கு கடிதம் போட்டார், நான்கும் வந்தன. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று டிரில் சார்ஜென்ட் கேட்டபோது, மழை பெய்ததாகவும் கிணற்றில் தண்ணீர் ஏறியதாகவும் எழுதியிருக்கிறார் என்றேன். விலாசத்தை மட்டும் ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில் எழுதுங்கள்.